நாம் அறிய ஒரு பெண்: எண்ணாயிரம் பாடல்கள் எழுதிய ஃபனி குறொஸ்பி



போன மாதம் எங்கள் கிராமத்து மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு பெண்ணின் கதையைச் சொன்னேன். சொல்லி முடித்தால் ஒன்றிரண்டு கேள்விகள் வரும், பதில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வந்த கேள்விகள் என்னை இரண்டு கிழமையாக விடவில்லை. ஆகவே இந்த மாதம் அந்தப் பெண்ணின் வாழ்க்கையையும் அந்தக் கேள்விகளையும் சேர்த்தே உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் அவரை நான் எப்படி அறிந்தேன் என்று சொல்ல வேண்டும். நான் சிறுவயதில் மெதடிஸ்த மிஷன் பாடசாலை ஒன்றின் விடுதியில் தங்கிப் படித்தவள். எங்களுடையது சைவக் குடும்பம். என்றாலும் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் விடுதிப் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக இருந்து பாட வேண்டும். மெதடிஸ்த மிஷனரிமார் 1814 இல் காலியில் வந்து இறங்கி, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் வந்து பாடசாலைகள் தொடங்கியவர்கள். பாட்டு இல்லாமல் அவர்களுக்கு வழிபாடு இல்லை. எங்கள் ஆங்கிலப் பாட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டின் கீழும் எழுதியவரின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். சில நல்ல பாட்டுகளின் கீழே 'பிரான்சிஸ்' என்று தொடங்கும் ஒரு பெயர் இருந்தது. எங்கள் ஊரில் பிரான்சிஸ் என்றால் ஆண்பிள்ளைதான். ஆகவே அது யாரோ ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் என்று பல வருடம் நினைத்திருந்தேன்.

அது பாதிரியார் அல்ல. பிரான்சிஸ் ஜேன் குறொஸ்பி என்ற பெண். எல்லோரும் 'ஃபனி' என்று அழைப்பார்கள். அமெரிக்காவைச் சேர்ந்தவர். இரண்டு கண்ணும் தெரியாதவர். எழுதிய பக்திப் பாடல்கள் எண்ணாயிரத்துக்கு மேல்.

இதைச் சொன்னதும் கூட்டத்தில் எல்லோருடைய கண்ணும் பின்பக்கம் திரும்பியது. அங்கே சுவரோடு சாய்ந்து ஒரு தங்கச்சி இருந்து ஓலை பின்னிக்கொண்டிருந்தாள். 2009 இல் செல் பட்டு அவளுடைய இரண்டு கண்ணும் போயின. அப்போது அவளுக்கு வயது இருபத்தாறு. கூட்டத்துக்கு ஒழுங்காக வருவாள், கதைக்க மாட்டாள். கை மட்டும் ஓயாது. நீத்துப்பெட்டி, மூடல்பெட்டி, சுளகு எல்லாம் அவள் விரலுக்குத் தெரியும். "எழுதுங்கோ அக்கா, பேர் மட்டும் போடாதையுங்கோ" என்றாள். ஆகவே தங்கச்சி என்றே எழுதுகிறேன்.

ஃபனி 1820 மார்ச் 24 இல் நியூயோர்க் மாநிலத்தில் ஒரு கமக்காரக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்து ஆறு கிழமையில் கண்ணில் ஒரு அழற்சி. ஊர் வைத்தியர் அந்த நேரம் ஊரில் இல்லை. வைத்தியன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வந்தான். குழந்தையின் கண்ணுக்குக் கடுகை அரைத்துச் சூடாகப் பத்துப் போட்டான். அதோடு பார்வை போனது என்றுதான் குடும்பத்தார் கடைசிவரை சொன்னார்கள். பிறப்பிலேயே அந்தக் குறை இருந்திருக்கலாம் என்று இன்றைய வைத்தியர்கள் சிலர் கருதுகிறார்கள். ஆனால் ஃபனி அறிந்த கதை அந்தக் கடுகுப் பத்துத்தான். ஊரார் கோபப்பட, அந்த ஆள் ஊரைவிட்டே போய்விட்டான்.

இந்த இடத்தில்தான் முதல் கேள்வி வந்தது. கதைக்காத தங்கச்சி கதைத்தாள்.

"அக்கா, அவனைப் பிறகு பிடிச்சவையோ?"

"இல்லை அம்மா. அவன் பிறகு அகப்படவே இல்லை."

"வந்து மன்னிப்பும் கேக்கேல்லையோ?"

"கேட்கவில்லை."

அவள் மறுபடி ஓலையை எடுத்தாள். நான் கதையைத் தொடர்ந்தேன்.

குழந்தைக்கு ஒரு வயது ஆக முதலே தகப்பன் இறந்துபோனார். தாயின் பெயர் மேர்சி, வயது 21. கைம்பெண், கையில் கண் தெரியாத குழந்தை, வீட்டில் வருமானம் இல்லை. என்ன செய்தார்? பிள்ளையைத் தன் தாயிடம் விட்டுவிட்டு, வேறு வீடுகளுக்கு வேலைக்காரியாகப் போனார்.

இதைக் கேட்டதும் எங்கள் கூட்டத்தில் நாலைந்து பேர் தலையைக் குனிந்தார்கள். குவைத்துக்கும் சவூதிக்கும் போய் வந்தவர்கள் அவர்கள். பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டுவிட்டுப் போன தாய் அந்த வீட்டுப் பாத்திரங்களைக் கழுவும்போது எதை நினைத்திருப்பாள் என்பதை அவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஃபனியின் அம்மம்மா யூனிஸ் கெட்டிக்காரி. இந்தப் பிள்ளைக்குக் கண் இல்லை, ஆகவே நானே இவளுக்குக் கண் என்று முடிவெடுத்தார். பூக்களைக் கையில் கொடுத்து, மணக்கவைத்துப் பெயர் சொல்லிக்கொடுத்தார். எந்தக் குருவி எப்படிக் கத்தும் என்று பழக்கினார். சூரியன் மறையும்போது வானம் எப்படி மாறுகிறது என்று ஒவ்வொரு நிறமாகச் சொன்னார். ஐந்து வயதளவில் நியூயோர்க் நகரத்துக்குக் கூட்டிச்சென்று பெரிய சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரிடம் காட்டினார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். அம்மம்மா பழக்குவதை நிறுத்தவில்லை.

பிறகு தாயும் மகளும் வேறு ஊருக்குப் போனபோது அங்கே வீட்டுக்காரப் பெண் ஒருவர் வேதாகமத்தை வாசித்துக் காட்டி, கிழமைக்கு இத்தனை அதிகாரம் என்று பாடமாக்க வைத்தார். சிறுவயதிலேயே வேதாகமத்தின் முதல் ஐந்து ஆகமங்களும் நாலு சுவிசேஷங்களும் அவருக்கு மனப்பாடம். எட்டு வயதில் ஒரு சின்னக் கவிதை சொன்னார். கண் இல்லை என்று அழுதுகொண்டிருக்க மாட்டேன் என்பதுதான் அதன் கருத்து.

1835 இல் ஃபனிக்குப் பதினைந்து வயது முடியமுன் நியூயோர்க் பார்வையற்றோர் பாடசாலையில் இடம் கிடைத்தது. அங்கே மாணவியாகப் படித்து, பின்னர் அங்கேயே ஆசிரியையானார். இலக்கணமும் வரலாறும் படிப்பித்தார். 1840களில் வாஷிங்டனுக்குப் போய், நாட்டின் மன்ற உறுப்பினர்களுக்கு முன்னால் கவிதை சொன்னார். கண் தெரியாத பிள்ளைகளுக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் பாடசாலை வேண்டும் என்று கேட்பதற்காகப் போன குழுவில் அவரும் ஒருவர். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பெண்களுக்கு வாக்குரிமையே இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

1849 இல் நியூயோர்க்கில் கொலரா பரவியது. வசதி உள்ளவர்கள் நகரத்தை விட்டு ஓடினார்கள். பாடசாலையிலும் பலர் வெளியேறினார்கள். ஃபனி அங்கேயே நின்று நோயாளிகளைப் பராமரித்தார். பராமரித்த சிலர் அவர் கண்முன் அல்ல, அவர் கைக்குள்ளேயே இறந்தார்கள். சவப்பெட்டிகளை இழுத்துச் செல்லும் சத்தத்தை அவர் பிறகும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு மனம் சோர்ந்து, ஒன்றிலும் பிடிப்பில்லாமல் பல மாதம் இருந்தார். முகாமில் இருந்தவர்களுக்கு இந்த நிலை விளங்கும். ஆபத்து நடக்கும்போது ஓடி ஓடி வேலை செய்வோம். எல்லாம் முடிந்த பிறகுதான் உடைந்து போவோம்.

அந்த நிலையில்தான் மெதடிஸ்த சபையின் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கினார். 1850 நவம்பர் 20 ஆம் திகதி இரவு, எல்லோரும் பாடிக்கொண்டிருக்கும்போது தன் மனதில் ஒரு வெளிச்சம் வந்ததாக எழுதியிருக்கிறார். பாட்டுத்தான் அவரைத் தூக்கிவிட்டது. பின்னாளில் அவர் பாட்டு எழுதி மற்றவர்களைத் தூக்கிவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

1858 இல் அலெக்சாண்டர் வான் அல்ஸ்ரைன் என்பவரை மணந்தார். அவரும் கண் தெரியாதவர், அதே பாடசாலையில் படித்தவர், ஓர்கன் வாசிப்பவர். எழுதும்போது நீ உன் சொந்தப் பெயரையே வைத்துக்கொள் என்று சொன்னவர் அந்தக் கணவர்தான். அடுத்த வருடம் ஒரு குழந்தை பிறந்தது. பிறந்த சில நாட்களிலேயே இறந்துவிட்டது. பிறகு பிள்ளை இல்லை.

இங்கே இன்னொரு அக்கா குறுக்கிட்டார். முள்ளிவாய்க்காலில் மகனைப் பறிகொடுத்தவர். "அந்தப் பிள்ளையைப் பற்றி அவ என்ன எழுதினவ?" என்று கேட்டார்.

ஒன்றுமே எழுதவில்லை என்றே சொல்லலாம். ஆயிரக்கணக்கான பாட்டு எழுதிய பெண், இரண்டு தன்வரலாற்று நூல்களைத் தந்த பெண், அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு. முதுமையில் யாரிடமோ ஓரிரு வார்த்தை சொன்னதோடு சரி. ஆனால் 1868 இல் ஒரு நாள் நடந்ததைக் கேளுங்கள். வில்லியம் டோன் என்ற இசையமைப்பாளர் அவரிடம் ஓடிவந்தார். ரெயில் புறப்பட அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட நேரம்தான் இருக்கிறது, இந்த மெட்டுக்குச் சொல் வேண்டும் என்று வாசித்துக் காட்டினார். ஃபனி உள்ளே போய், அந்த நேரத்துக்குள்ளேயே முழுப் பாட்டையும் கட்டிக்கொண்டு வந்தார். இயேசுவின் கைகளில் பாதுகாப்பாக இருப்பதைப் பற்றிய பாட்டு அது. குழந்தைகளைப் பறிகொடுத்த தாய்மார் அந்தப் பாட்டைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். சவ அடக்கங்களில் பாடினார்கள். ஒன்பது வருடமாக மனதுக்குள் இருந்தது அரை மணித்தியாலத்தில் வெளியே வந்ததோ என்னவோ.

அந்த அக்கா மெல்லச் சொன்னார், "கதைக்கேல்லை எண்டு மறந்திட்டவ எண்டு அர்த்தமில்லை."

அதற்குமேல் அந்த இடத்தில் நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஃபனி பக்திப் பாடல்கள் எழுதத் தொடங்கியது 1864 இல், வில்லியம் பிராட்பரி என்ற பதிப்பாளரைச் சந்தித்த பிறகு. அப்போது அவருக்கு வயது 43. அதற்கு முன் கவிதை நூல்களும் மேடைப் பாடல்களும் தந்திருந்தார். ஆனால் உலகம் அவரை அறிந்தது நாற்பதுக்குப் பிறகு செய்த வேலையால்தான். "வயது போட்டுது, இனி என்ன" என்று சொல்லும் சகோதரிகள் இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

அவர் பேனை பிடித்து எழுதியவர் அல்ல. முழுப் பாட்டையும் மனதிலேயே கட்டி, திருத்தி, முடித்த பின்னரே மற்றவரிடம் சொல்லி எழுதுவிப்பார். ஒரே நேரத்தில் பல பாடல்களை அப்படித் தலைக்குள் வைத்திருப்பார். ஒரு பதிப்பகத்துக்குக் கிழமைக்கு மூன்று பாட்டு என்று ஒப்பந்தம். பாட்டுப் புத்தகம் முழுவதும் ஒரே பெயர் வந்தால் சரியில்லை என்று அவருடைய பாடல்களுக்கு வேறு வேறு பெயர்கள் போட்டார்கள். இப்படி ஏறக்குறைய இருநூறு புனைபெயர்களில் அவர் எழுத்து அச்சாகியிருக்கிறது.

அடுத்த கேள்வியும் தங்கச்சியுடையதுதான்.

"அக்கா, ஒரு பாட்டுக்கு அவவுக்கு எவ்வளவு குடுத்தவை?"

இத்தனை பேர் இருந்தும் இந்தக் கேள்வி அவளுக்குத்தான் வந்தது. ஒரு பாட்டுக்கு ஒரு டொலர் அல்லது இரண்டு டொலர். பாட்டின் உரிமை பெரும்பாலும் இசையமைத்தவருக்கோ பதிப்பாளருக்கோதான். அந்தப் புத்தகங்கள் இலட்சக்கணக்கில் விற்றன. மூடி, சாங்கி என்ற இரண்டு சுவிசேஷகர்கள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நடத்திய பெருங்கூட்டங்களில் அவர் பாட்டுகளைப் பாடிப் பரப்பினார்கள். பாட்டு எழுதியவரோ நியூயோர்க்கில் ஏழைகள் வாழும் பகுதிகளில் வாடகை அறைகளில் இருந்தார்.

இதில் இரண்டு பக்கம் உண்டு. அவர் பணத்தை விரும்பிச் சேர்க்கவில்லை. கையில் வந்ததை மற்றவர்களுக்குக் கொடுத்தார். குடிக்கு அடிமையானவர்கள், வீடில்லாதவர்கள் வந்துசேரும் மிஷன் இல்லங்களுக்குப் போய் அவர்களோடு இருந்து பேசினார். எழுதுவதைவிட அதுவே தன் முக்கியமான வேலை என்று எண்ணினார். எளிமையாக வாழ்ந்தது அவருடைய தெரிவு. ஆனால் அவர் எளிமையாக வாழ விரும்பினார் என்பதற்காக, அவர் உழைப்புக்குக் குறைவாகக் கொடுத்தது சரியாகிவிடுமா? முதுமையில் நண்பர்கள் காசு சேர்த்து உதவ வேண்டியிருந்தது. 1903 இல் வந்த அவரது வாழ்க்கைக் கதை நூலை விற்றதும் அதற்காகத்தான். அவரோடு ஒரு காலத்தில் அதே பாடசாலையில் வேலை செய்து, பிறகு அமெரிக்க ஜனாதிபதியான குறோவர் கிளீவ்லண்டும் அவருக்காகப் பேசினார். வாழ்நாள் முழுக்க உழைத்தவருக்கு அது உதவியாக வந்தது. கூலியாக வந்திருக்க வேண்டியது.

நான் தங்கச்சியைக் கேட்டேன், "உனக்கு ஒரு நீத்துப்பெட்டிக்கு எவ்வளவு தருகினம்?"

"வாற ஆள் நூற்றைம்பது தருவார்."

"பட்டணத்தில் என்ன விலை?"

அவளுக்குத் தெரியவில்லை. பட்டணத்தில் மகளை வைத்திருக்கும் ஒருவர் நானூறு என்றார். கூட்டம் அப்படியே கணக்குப் பார்க்கும் கூட்டமாக மாறியது. ஓலை என்ன விலை, சாயம் என்ன விலை, ஓலை வார்ந்து காயவைக்க எத்தனை நாள், பின்ன எத்தனை மணித்தியாலம் என்று ஒரு கொப்பியில் எழுதினோம். எழுதிப் பார்த்தபோது அவளுக்கு நாட்கூலி என்று மிஞ்சுவது ஒரு றாத்தல் பாணுக்கும் கறிக்கும் கூடப் போதாது. இத்தனை வருடமாக அவளும் கணக்குப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த நாங்களும் பார்க்கவில்லை. கண் தெரியாத பெண், ஏதோ கையை வேலையில் வைத்திருக்கிறாள் என்று நாங்களே நினைத்திருந்தோம். அவள் செய்வது தொழில் என்று நினைக்கவில்லை. நான் தூங்காமல் இருந்தது இதனால்தான்.

அடுத்த கிழமை ஓலைவேலை செய்யும் ஆறு பேரும் சேர்ந்து, இனி ஒருவர் மட்டும் தனியாக விலை பேசுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். வியாபாரி முதலில் முகத்தைத் திருப்பினார். பிறகு இருநூற்றிருபது தருவதாகச் சொல்லியிருக்கிறார். போதாதுதான், பேச்சு இன்னும் முடியவில்லை. தங்கச்சி இன்னொரு காரியமும் செய்திருக்கிறாள். தான் பின்னும் ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் சின்னதாக ஒரு முடிச்சுப் போடுகிறாள். தடவினால் மட்டும்தான் தெரியும். "ஆர் வேற பேரிலை வித்தாலும் இது என்ர எண்டு எனக்குத் தெரியும்" என்கிறாள்.

ஃபனியின் கணவர் 1902 இல் இறந்தார். ஃபனி தன் கடைசி வருடங்களை கனெக்ரிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரில் உறவினரோடு கழித்து, 1915 பெப்ரவரி 12 இல் தொண்ணூற்றைந்து வயதை நெருங்கும்போது காலமானார். பெரிய கல்லறை வேண்டாம் என்றிருந்தார். ஆகவே சிறிய கல் ஒன்றைத்தான் வைத்தார்கள். அதில் 'அத்தை ஃபனி' என்றும், தன்னால் ஆனதைச் செய்தவள் என்ற கருத்தில் ஒரு சிறு வசனமும் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. அந்தக் கடுகுப் பத்துக்காரனைப் பற்றி ஃபனி முதுமையில் எழுதியிருக்கிறார். அவன்மேல் தனக்கு ஒருபோதும் கோபம் இருந்ததில்லை என்கிறார். பார்வை இருந்திருந்தால் இத்தனை பாட்டுகளைத் தான் எழுதியிருக்க மாட்டேன் என்றும் நம்பினார். இதைச் சொல்லாமலே கதையை முடித்துவிடலாமா என்று அன்று யோசித்தேன். ஏனென்றால் நம்மிடம் மன்னிக்கச் சொல்லி வருகிறவர்கள் அதிகம். நடந்தது என்ன என்று கேட்டு வருகிறவர்கள் குறைவு. ஃபனிக்கு நடந்தது ஒரு அறியாதவனின் பிழை. எங்கள் மேல் செல் அடித்தது பிழையாக நடந்த வைத்தியம் அல்ல. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் உண்மையை மறைப்பதும் சரியல்ல என்று சொல்லிவிட்டேன்.

தங்கச்சி கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அதை எழுதேக்கை அவவுக்கு என்ன வயது?"

"எண்பத்தாறு."

"எனக்கு இன்னும் எவ்வளவோ வருசம் கிடக்கு அக்கா" என்றாள். முதல் தடவையாக அவள் சிரித்ததைக் கேட்டேன். எல்லோரும் சிரித்தோம். பிறகு அவள் சொன்னாள், "அவ தன்ர நேரத்திலை மன்னிச்சவ. என்ர நேரத்தை ஒருத்தரும் எனக்குச் சொல்ல வேண்டாம்."

இதற்குமேல் நான் சொல்ல என்ன இருக்கிறது? சகோதரிகளே, உங்கள் சங்கத்திலும் இந்தக் கதையை வாசியுங்கள். வாசித்த பிறகு ஒரு கொப்பியை எடுத்து, உங்களில் ஒருத்தியின் கைவேலைக்குச் சரியான கணக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். என்ன வந்தது என்று எங்களுக்கும் எழுதுங்கள். எங்கள் ஆறு பேரின் விலைப் பேச்சு என்ன ஆனது என்று அடுத்த மாதம் நானும் எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா